எதிரணி தேடிய பள்ளிகள்

1963-64 கல்வியாண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கத்தோலிக்கப் பள்ளிகளைத் தவிர்த்துப் பார்த்தால், இருந்த தனியார் பள்ளிகள் வெறும் 17. அவற்றில் படித்தவர்கள் 2,362 பேர். 1970 செப்டம்பரில் அதே கணக்கு 155 பள்ளிகள், ஏறத்தாழ 42,000 மாணவர்கள் என்று நின்றது. அநேகமாக அத்தனை பேரும் வெள்ளையர்கள். இந்த எண்கள் 1973ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பில் இருப்பவை. ஆனாலும், ஒரு பள்ளி விளையாட்டு லீக் பிறந்த கதையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பள்ளிகள் முளைத்தால் அணிகளும் முளைக்கும். அணி என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு எதிரணி வேண்டும். நடுவர், ஆட்ட அட்டவணை, வயது வரம்பு, புகார் வந்தால் விசாரிக்க ஒரு குழு, கடைசியில் ஒரு கோப்பை, எல்லாம் வேண்டும். அப்படித்தான் 1968இல் மிசிசிப்பி தனியார் பள்ளிகள் சங்கம் உருவானது. அதற்கு முன்பே 1965இல் தென் கரோலினாவில் ஏழு பள்ளிகள் சேர்ந்து ஒரு சங்கத்தைத் தொடங்கியிருந்தன. அலபாமாவில் 1966இல் ஒன்று வந்தது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கத் தெற்கில் அரசுப் பள்ளிகளின் போட்டி உலகுக்குப் பக்கத்திலேயே இன்னொரு போட்டி உலகம் எழுந்து நின்றது. தனி அட்டவணை, தனிக் கோப்பை, தனிச் சாம்பியன்.

மற்ற லீக்குகள் யாரோடு ஆடலாம் என்று கூடிப் பேசித் தொடங்கியவை. இவை யாரோடு ஆடக் கூடாது என்ற முடிவில் பிறந்தவை. அந்தப் பிடிவாதத்துக்கு எவ்வளவு செலவானது, அதை யார் கொடுத்தார்கள், அது எப்போது, எதனால் தளர்ந்தது என்பதைப் பார்த்தால் விளையாட்டைப் பற்றியே ஓர் உண்மை பிடிபடும்.

ஆடாமலே விட்ட கோப்பைகள்

எதிரே கறுப்பின வீரர் இருந்தால் களம் இறங்குவதில்லை என்ற பழக்கம் பள்ளிகளில் தோன்றியதல்ல. மிசிசிப்பியில் அரசுக் கல்லூரி அணிகள் நெடுங்காலம் கடைப்பிடித்த எழுதப்படாத விதி அது. மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி 1959, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தன் பிராந்தியத்தில் பட்டம் வென்றது. தேசியப் போட்டிக்குப் போயிருக்கலாம், ஆனால் மூன்று முறையும் போகவில்லை. அங்கே போனால் கறுப்பின வீரர்கள் இருக்கும் அணியோடு மோத வேண்டியிருக்கும் என்பது மட்டுமே காரணம்.

நான்காவது வாய்ப்பு 1963இல் வந்தது. இம்முறை பல்கலைக்கழகத் தலைவர் அனுமதி கொடுத்தார். உடனே அணியைத் தடுக்க மாநில நீதிமன்றத்தில் தடையாணை வாங்கப்பட்டது. ஆணை கைக்கு வந்து சேரும் முன் பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி மாநில எல்லையைத் தாண்டிவிட்டார். வீரர்களும் ஓசைப்படாமல் விமானம் ஏறினார்கள். மார்ச் 15 அன்று மிச்சிகனில் சிகாகோவின் லயோலா அணியிடம் 61-51 என்று தோற்றார்கள். லயோலாவின் தொடக்க ஐவரில் நால்வர் கறுப்பின வீரர்கள். அந்த ஆண்டின் தேசியப் பட்டமும் லயோலாவுக்கே போனது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் அடுத்து நடந்தது விளங்கும். தோல்வியை விடச் சேர்ந்து ஆடுவதுதான் பெரிய அவமானம் என்று நினைத்த ஒரு சமூகத்தின் கையிலிருந்து இப்போது பள்ளிகளே நழுவத் தொடங்கியிருந்தன.

தீர்ப்புக்கும் திடலுக்கும் நடுவே

வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி அரசுப் பள்ளிகள் நடத்துவது அரசமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே 17 அன்று. இரண்டே மாதத்தில், ஜூலையில், மிசிசிப்பியின் இண்டியனோலா ஊரில் வெள்ளைக் குடிமக்கள் கவுன்சில் முளைத்தது. தீர்ப்பை எப்படியெல்லாம் இழுத்தடிக்கலாம் என்பதே அதன் வேலைத் திட்டம். பத்து ஆண்டுகள் கழித்து, 1964இல், தலைநகர் ஜாக்சனில் அந்தக் கவுன்சிலே சொந்தமாகப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம், தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 185 டாலர் கட்டண உதவி தரும் சட்டத்தை நிறைவேற்றியது.

அப்போதும் பெரும்பாலான வெள்ளைக் குடும்பங்கள் அவசரப்படவில்லை. இழுத்தடிப்பு நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. 1969 அக்டோபர் 29 அன்று ஹோம்ஸ் கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் பொறுமையிழந்தது. இனி அவகாசம் இல்லை, இரட்டைப் பள்ளி முறையை உடனே முடியுங்கள் என்றது. மிசிசிப்பியின் சுமார் 30 பள்ளி மாவட்டங்கள், கல்வியாண்டின் நடுவிலேயே, 1970 ஜனவரியில் பள்ளிகளை ஒன்றாக்க வேண்டியதாயிற்று. தனியார் பள்ளியான ஜாக்சன் பிரெப் தொடங்கியது 1970இல். மேடிசன்-ரிட்ஜ்லேண்ட் அகாடமி அதற்கு முந்தைய ஆண்டில். தனியார் பள்ளிகள் 17இலிருந்து 155 ஆனதில் இந்த அவசரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஏன் ஃபுட்பால்?

பள்ளிக்கூடம் தொடங்குவது அவ்வளவு கடினமல்ல. தேவாலயத்தின் பின்கட்டு, காலியாகக் கிடக்கும் ஒரு கட்டிடம், ஓய்வு பெற்ற சில ஆசிரியர்கள் போதும். ஆனால் அமெரிக்கத் தெற்கில் ஒரு உயர்நிலைப் பள்ளி ‘பள்ளி’ என்று மதிக்கப்பட வேண்டுமானால் வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டம் நடக்க வேண்டும். நம் கால்பந்து அல்ல, கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. பேண்டு வாத்தியம், சியர்லீடர்கள், ஊரே கூடும் ஹோம்கமிங் விழா, உள்ளூர்ப் பத்திரிகையில் சனிக்கிழமைச் செய்தி, கல்லூரி உதவித்தொகைக்கான வாய்ப்பு என்று எல்லாமே அந்த ஆட்டத்தைச் சுற்றித்தான். இறுதியாண்டு படிக்கும் மகனை ஒரு தந்தை புதுப் பள்ளிக்கு மாற்ற நினைத்தால், ‘அங்கே டீம் இருக்கா?’ என்பதே மகனின் முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

இங்கேதான் ஆட்டத்தின் கணக்கு குறுக்கே வந்தது. அமெரிக்கக் கால்பந்தில் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பவர்கள் பக்கத்துக்கு 11 பேர். தாக்குதலுக்கு ஒரு அணி, தடுப்புக்கு வேறொரு அணி, உதைக்கு இன்னொன்று. காயம்பட்டால் மாற்று ஆள் வேண்டும். சில நூறு மாணவர்களே இருக்கும் பள்ளியில் அத்தனை பேருக்கு எங்கே போவது? அதனால் ஒரே பையன் இரண்டு பக்கமும் ஆடினான். அதற்கும் ஆள் போதாத பள்ளிகளுக்கு எட்டுப் பேர் ஃபுட்பால் கைகொடுத்தது. அகலம் குறைந்த திடல், பக்கத்துக்கு எட்டே பேர். மிசிசிப்பி சங்கத்தில் இன்றும் அந்தப் பிரிவுக்குத் தனிக் கோப்பை உண்டு.

எதிரணியும் பக்கத்தில் கிடைக்கவில்லை. மிக அருகில் இருந்த அணி அதே ஊரின் அரசுப் பள்ளி அணி. ஆனால் அதை விட்டு விலகத்தானே இந்தப் பள்ளியே தொடங்கப்பட்டது! ஆகவே பேருந்து எடுத்துக்கொண்டு அடுத்த கவுண்டிக்கு, அதற்கு அடுத்த கவுண்டிக்குப் போனார்கள். மிசிசிப்பி சங்கம் மாநில எல்லையையும் தாண்டி லூசியானா, ஆர்கன்சா, டென்னசி பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டது. கல்வித் தரச் சான்று கொடுப்பதும் ஆட்ட அட்டவணை போடுவதும் ஒரே அமைப்பின் கையில் இருந்தன. பள்ளிக்குத் தரச் சான்று இல்லாவிட்டால் மாணவரின் சான்றிதழுக்கு மதிப்பில்லை. லீக் இல்லாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

மான்ட்கோமரியின் திடல் யாருக்கு?

இவ்வளவுக்கும் பணம்? பெற்றோர் கட்டிய கட்டணம் ஒரு பகுதிதான். மீதியைப் பொதுமக்களின் வரிப்பணம் பல வழிகளில் தாங்கியது. அந்த வழிகளில் ஒன்று நேரடியாக விளையாட்டு மைதானத்துக்கே போகிறது.

அலபாமாவின் தலைநகர் மான்ட்கோமரி. அங்கே 1957இல் வேலைக்குப் போகும் வழியில் ஓக் பார்க் பூங்காவின் குறுக்கே நடந்துபோன ஒரு கறுப்பின இளைஞரைப் போலீசார் அடித்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமான பூங்காவில் நடந்ததே அவர் செய்த குற்றம். அவருடைய தாய் ஜார்ஜியா கில்மோர். பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்து நடந்த 1955-56 புறக்கணிப்பின்போது சமைத்து விற்றுப் போராட்டத்துக்குப் பணம் திரட்டிய அதே ஜார்ஜியா கில்மோர்தான். அவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். பூங்காக்களை எல்லோருக்கும் திறப்பதற்குப் பதிலாக மாநகராட்சி 1959 ஜனவரி 1 முதல் எல்லாவற்றையும் இழுத்து மூடியது. மறுபடி திறக்க 1965 ஆனது.

வழக்கு அதோடு முடியவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அதே மாநகராட்சி தன் ஃபுட்பால் திடல்களையும் பேஸ்பால் மைதானங்களையும் வெள்ளையர் மட்டும் படிக்கும் தனியார் பள்ளிகளுக்குத் தனியாக ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆட்ட நாளில் டிக்கெட் காசும் தின்பண்டக் காசும் அந்தப் பள்ளிகளுக்கே போயின. 1974 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் தனி ஒதுக்கீட்டுக்கு விதிக்கப்பட்டிருந்த தடையை உறுதிசெய்தது. அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணம் விளையாட்டு நிர்வாகம் படிப்பவர்களுக்கு ஒரு பாடம். நகரத்தின் திடல் கிடைத்ததால் அந்தப் பள்ளிகள் சொந்தத் திடல் கட்டும் செலவு மிச்சமானது. முழுமையான விளையாட்டுத் திட்டத்தைக் காட்டிப் பிள்ளைகளை ஈர்க்க முடிந்தது. அதன்மூலம் அரசுப் பள்ளிகளை ஒன்றாக்கும் நீதிமன்ற ஆணையையே நகரம் குலைத்தது. ஒரு திடல் எத்தனை பெரிய சலுகை என்பதைச் சட்டத்தின் மொழியில் இவ்வளவு தெளிவாக வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

மற்ற குழாய்களும் ஒவ்வொன்றாக அடைபட்டன. மிசிசிப்பியின் கட்டண உதவிச் சட்டத்தை 1969 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்துசெய்தது. இன அடிப்படையில் பிள்ளைகளை விலக்கும் பள்ளிகளுக்கு வருமான வரிச் சலுகை இல்லை என்று 1971இல் தீர்ப்பு வந்தது. 1973இல் பாடப்புத்தகம்: வெள்ளையர் மட்டும் படிக்கும் 107 பள்ளிகளில் 34,000 மாணவர்கள் அரசின் இலவசப் புத்தகங்களை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள், அதற்கும் முற்றுப்புள்ளி. 1976இல், தனியார் பள்ளியானாலும் இனத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது.

அந்தப் பக்கம் என்ன நடந்தது?

1970 ஜனவரியில் ஒன்றான அரசுப் பள்ளிகளில் ஒன்று மிசிசிப்பியின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி. ஊரின் கறுப்பினப் பள்ளியான ஜெஃபர்சனிலிருந்து அங்கே வந்து சேர்ந்த மாணவர்களில் ஒருவன் வால்டர் பேட்டன். சேர்க்கை சுமுகமாக நடக்கவில்லை. ஜெஃபர்சனின் தலைமைப் பயிற்சியாளர் சார்ல்ஸ் பாஸ்டன் புதுப் பள்ளியில் உதவியாளராக இறக்கப்பட்டதை எதிர்த்துக் கறுப்பின வீரர்கள் சில நாட்கள் பயிற்சிக்கே வரவில்லை. ஒன்றிணைப்பு நடந்த இடங்களில் எல்லாம் இப்படிப் பதவியிறங்கிய கறுப்பினப் பயிற்சியாளர்களும் தலைமையாசிரியர்களும் ஏராளம். அந்த இழப்பை மறைத்துவிட்டுக் கொண்டாடுவது நேர்மையாகாது.

ஆனாலும் அந்த இலையுதிர் காலத்தில் கொலம்பியா 8-2 என்று சீசனை முடித்தது. யாரும் எதிர்பார்க்காத கணக்கு அது. பேட்டன் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க இரு தரப்பும் ஒரே கேலரியில் வந்து உட்கார்ந்தன. பின்னாளில் அவர் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் 16,726 கெஜம் ஓடி, அதுவரை யாரும் தொடாத உயரத்தைத் தொட்டார்.

அவருக்குப் பின் வந்த மிசிசிப்பிக்காரர்களைப் பாருங்கள். 22,895 கெஜம் பந்து பிடித்து எல்லாக் காலத்துக்குமான சாதனையை வைத்திருக்கும் ஜெர்ரி ரைஸ், பி.எல். மூர் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பிரெட் ஃபார்வ் வெள்ளையர். அவர் ஆடியது தன் தந்தையே பயிற்சியாளராக இருந்த ஹான்காக் நார்த் சென்ட்ரல் பள்ளியில். 2003இல் என்எஃப்எல்லின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பகிர்ந்துகொண்ட ஸ்டீவ் மெக்நேர் மவுண்ட் ஆலிவ் பள்ளியில். கொலம்பியாவையும் சேர்த்து நான்கும் அரசுப் பள்ளிகள். சிறிய ஊர், பெரிய வசதி ஏதுமில்லை. ஆனால் ஊரின் சிறந்த கால்கள் எல்லாம் ஒரே திடலில் ஓடின. தினமும் தன்னைவிட வேகமானவனைத் துரத்திப் பழகும் பையனுக்குக் கிடைக்கும் பயிற்சியை எந்தக் கட்டணத்தாலும் வாங்க முடியாது. விலகிப்போன பள்ளிகளின் பிள்ளைகள் இழந்தது இதைத்தான்.

கதவைத் திறந்தது எது?

காலம் மாறியது. மிசிசிப்பி சங்கம் பெயரையும் மாற்றிக்கொண்டது. 2019 முதல் அது மிட்சவுத் சுயேச்சைப் பள்ளிகள் சங்கம். முன்பு அரசுப் பள்ளிகளின் சங்கத்தில் ஆடிய கத்தோலிக்கப் பள்ளிகள் சில இப்போது இதில் ஆடுகின்றன. கறுப்பினப் பெற்றோர் தங்கள் விருப்பத்தாலேயே பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். இன்றைய மாணவர்கள் மீதோ பயிற்சியாளர்கள் மீதோ 1970இன் பாவத்தைச் சுமத்துவது நியாயமல்ல.

ஆனால் இந்தத் திறப்பு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். சட்டமும் வரியும் தாழ்ப்பாளை நீக்கின என்பது உண்மை. கதவை உள்ளேயிருந்து இழுத்தது ஸ்கோர் போர்டு. 2018இல் நாடு முழுவதும் கல்லூரிகள் போட்டிபோட்டுத் துரத்திய, பந்தோடு ஓடும் ‘ரன்னிங் பேக்’ ஜெரியன் ஈலி, ஒரு கறுப்பின இளைஞர், ஆடியது ஜாக்சன் பிரெப் பள்ளிக்காக. மிசிசிப்பியின் பள்ளிக் கூடைப்பந்து வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த பையன், 4,000 புள்ளிகளைத் தாண்டிய ஜோஷ் ஹப்பர்டு, மேடிசன்-ரிட்ஜ்லேண்ட் அகாடமிக்காரர். அவரும் கறுப்பினத்தவர்தான். 1969இலும் 1970இலும் தொடங்கிய அதே இரண்டு பள்ளிகள். இன்று அவற்றின் சாதனைப் பலகையில் ஜொலிக்கும் பெயர்கள் இவை.

இதை வெற்றி என்று எழுதிவிட்டுப் போகலாம். பாதி வெற்றிதான் என்பது என் கணிப்பு. அபூர்வத் திறமைக்கு எந்தக் கதவும் திறக்கும். பிரிவினையில் ஊறிய தெற்கின் கல்லூரிகளே கடைசியில் அப்படித்தான் திறந்தன. ஒரு லீக் உண்மையாகவே மாறிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் நட்சத்திரத்தைப் பார்த்துப் பயனில்லை. பெஞ்சைப் பார்க்க வேண்டும். சீசன் முழுக்க ஐந்து நிமிடம்கூட ஆடாத, கல்லூரிகள் தேடி வராத, சுமாராக ஓடும் கறுப்பினப் பையனுக்கும் அங்கே ஒரு ஜெர்ஸி இருக்கிறதா? பல சிற்றூர்களில் இன்றும் அரசுப் பள்ளியில் அநேகமாகக் கறுப்பின மாணவர்கள், தனியார் அகாடமியில் அநேகமாக வெள்ளை மாணவர்கள் என்ற நிலை நீடிப்பதை அமெரிக்கச் செய்தியாளர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். அந்த ஊர்களில் பெஞ்சு சொல்லும் பதில் சாதனைப் பலகை சொல்லும் பதில் அல்ல.

மறுபடியும் பொதுப்பணம்

இந்தப் பழைய கதையை இப்போது எடுக்கக் காரணம் இருக்கிறது. 1964இல் 185 டாலரில் தொடங்கி நீதிமன்றத்தில் செத்துப்போன கட்டண உதவி வேறு வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது. அலபாமா 2024இல் நிறைவேற்றிய சட்டப்படி, தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,000 டாலர் வரை அரசு கொடுக்கும். டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்களும் இதே வழியில் போகின்றன. இந்தச் சட்டங்கள் இனம் பார்ப்பதில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை என்கிறார்கள் ஆதரவாளர்கள். அரசுப் பள்ளியின் ரத்தத்தை உறிஞ்சித் தனியாருக்கு ஏற்றுகிறார்கள் என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். அந்த அரசியலை அரசியல் பக்கத்துக்கே விட்டுவிடுவோம்.

விளையாட்டுப் பக்கம் கேட்க வேண்டியது ஒன்றுதான். பொதுப்பணம் வாங்கும் பள்ளி, அந்தப் பணத்தைக் கட்டும் ஊரின் பிள்ளைகளோடு ஆடுமா? மான்ட்கோமரி திடல் வழக்கின் சாரமும் இதுவே. பொதுச் சொத்தை அனுபவிப்பவன் பொதுமக்களிடமிருந்து தன்னை ஒதுக்கிக்கொள்ளக் கூடாது. ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு பள்ளிகள் வேறு வேறு கோப்பைகளுக்காக நூறு மைல் பயணம் போவதில் விளையாட்டுக்கு ஒரு லாபமும் இல்லை. பெட்ரோல் செலவுதான் மிச்சம்.

இரண்டு சங்கங்களும் தங்கள் தனிக் கோப்பைகளை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அரசுப் பணத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும் ஒவ்வொரு அகாடமியும், ஆண்டுக்கு ஓர் ஆட்டமாவது தன் ஊர் அரசுப் பள்ளியோடு ஆட வேண்டும் என்று விதி வரட்டும். ஒரு சீசன் அங்கே, மறு சீசன் இங்கே. யார் ஜெயித்தாலும், அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய ஆட்டம் அது.